வடக்குக் கட்டடத்துச் செலவு

கோத்தகிரிக்கு மேலே ஓர் ஆசிரமம். அதன் தலைவியை எல்லோரும் அம்மா என்றே அழைத்தார்கள். சீடர் சிவக்கொழுந்து அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஓய்வுபெற்ற பொறியாளர்.

உறைபனி தொடங்குமுன் அம்மா அவரிடம் ஒரு வேலை தந்திருந்தார். சீடர்கள் தங்கும் வடக்குக் கட்டடத்தைப் பழைய டீசல் பாய்லர் சூடாக்கியது. விருந்தினர் தங்கும் தெற்குக் கட்டடத்தில், வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து உள்ளே தரும் மின்சார ஹீட் பம்ப் புதிதாக வந்திருந்தது. எதற்குச் செலவு குறைவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாசி பிறந்ததும் அவர் தாளோடு வந்தார். அம்மா வடக்குக் கட்டடத்து ஏழாம் அறையில் உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் அங்கே இருந்த சீடர் வேலாத்தாளை முந்தின நாள்தான் மகன் வந்து சத்தியமங்கலத்துக்கு அழைத்துப் போனான். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இனி மலையேறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அம்மா, பாய்லர்தான் மலிவு. ஹீட் பம்புக்கு ஆனதுல பாதிகூட ஆகலை."

"எப்படி?"

"வடக்கே அறைக்கு அறை மீட்டர் வெச்சேன். யார் எவ்வளவு சூடு எடுத்தாங்கன்னு திங்கக்கிழமைதோறும் சாப்பாட்டுக் கூடத்துல எழுதி ஒட்டினேன். அப்புறம் தானா குறைஞ்சுது."

"தெற்கே?"

"அவங்க வந்து போறவங்கதானே. ஒட்டலை."

சொல்லும்போதே அவருக்குக் கூடத்துச் சிரிப்பு நினைவு வந்தது. "நாலாம் நம்பர் சாமிக்கு ரெண்டு போர்வையும் பத்தலையாம்!" மறுவாரம் நாலாம் அறைக்காரர் சூட்டுக் குழாயை மூடிவிட்டார். வேலாத்தாள் முதல் வாரமே மூடியிருந்தார். "எனக்கெதுக்குங்க பாய்லரு? ஒடம்பே அடுப்பாட்டம் கொதிக்குதுங்க." அவர் பெயருக்கு நேரே பத்து வாரமும் பூஜ்ஜியம்.

அம்மா எழுந்து கட்டிலின் மெத்தையைத் தூக்கினார். அடியில் செய்தித்தாள்கள், ஒரு சாண் உயரத்துக்கு. அவற்றின் மேல் இரண்டு அரிசிச் சாக்குகள். மடித்து வைத்திருந்த போர்வையைப் பிரித்தார். உள்ளே நான்கு புடவைகள் ஒன்றாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தன.

"இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

சிவக்கொழுந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தார். நமுத்திருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.



"தப்பு என்னுதுதாம்மா," என்றார். "ஆனா வாராவாரம் உங்ககிட்டயும் ஒரு தாள் கொடுத்தேனே. நீங்க படிக்கலையா?"

"படிச்சேன்," என்றார் அம்மா. "படிச்சுட்டுத்தான் சாயங்காலப் பிரார்த்தனையில வேலாத்தாளை எழுந்து நிக்கச் சொன்னேன். துறவுன்னா இதுதான்னு எல்லாருக்கும் காட்டினேன்."