அடிப்பள்ளத்துக் கீறல்

முன்னொரு காலத்திலே பூவனூர்ச் சீமையை முத்துவீர ராசா ஆண்டுவந்தார். வர்ணக் கண்ணாடிச் சாமான் என்றால் அவருக்கு உயிர். அவர் பாட்டனாருடைய பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் வெகுகாலத்துக்கு முன்னே காணாமல் போயிருந்தது. அதை மந்திரி கூத்தபிரான் பழஞ்சாமான் சந்தையிலே, துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே கண்டெடுத்து வந்தார். ராசா சால்வையே போர்த்தினார்.

அந்தக் கொண்டாட்டம் ஓயுமுன்னே விருப்பாச்சிராயர் சபைக்கு வந்தார். மந்திரியைக் கண்டாலே வயிறு எரிகிற மனுஷர். அவர் கையிலும் அதே பச்சை, அதே வடிவத்தில் ஒரு கிண்ணம். ராசாவின் பாட்டனார் ராயருடைய பாட்டனாருக்குப் பரிசாய்க் கொடுத்தது இதுதான், மந்திரியுடையது சந்தைப் போலி என்று சாதித்தார்.

ராசாவின் முகம் மாறிப்போச்சு. "போலி கொண்டுவந்தவன் பொழுது சாயுமுன்னே சீமையை விட்டுப் போகணும்."

மந்திரிக்கு வீட்டு நினைவு வந்தது. வீட்டிலே மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள். நிறைமாதம். அவளைக் கூட்டிக்கொண்டு எந்த வழி நடப்பது?

இரண்டு கிண்ணத்தையும் கவிழ்த்துப் பெருவிரலால் தடவினார். இரண்டுக்கும் அடியில் வட்ட விளிம்பு, நடுவிலே பள்ளம். தம்முடையதில் விளிம்பு மட்டும் சொரசொரப்பு, பள்ளம் வழவழப்பு. ராயருடையதில் பள்ளமெல்லாம் கீறல். மந்திரி தலையைத் தொங்கப்போட்டார்.

"தோற்றேன் ராசா. ராயர் கிண்ணத்தின் அடிப்பள்ளம் எப்படித் தேய்ந்திருக்கிறது பாருங்கள். என்னுடையதில் அங்கே ஒரு கீறல்கூட இல்லை. ராயரே, உம் பாட்டனார் தினமும் புழங்கியதோ?"

ராயருக்கு வாயெல்லாம் பல். "பின்னே? மோர் குடித்துவிட்டுக் கல்திண்டில் வைப்பார். வைத்து வைத்தே தேய்ந்த கீறல் அய்யா அது. வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்." ராசாவின் காலைத் தொட்டுச் சத்தியமும் செய்தார்.

மந்திரி சபைச் சந்தனத்தை எடுத்து, அங்கிருந்த ஒரு கல்திண்டில் மெல்லிசாய்ப் பூசினார். "பாட்டனார் வைத்த மாதிரியே வையும், ராயரே."

ராயர் வைத்தார். மந்திரி எடுத்துக் கவிழ்த்தார். விளிம்பைச் சுற்றி மட்டும் சந்தனம். பள்ளத்தில் ஒரு பொட்டு இல்லை.

"கல்லே படாத இடத்தை எது தேய்த்தது? மணல் போட்டுத் தேய்த்த கைக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை, ராசா."

ராசா கிண்ணத்தை ராயர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நீர் சீமையை விட்டுப் போகவேண்டாம். இன்றுமுதல் சபைக்கு வருகிறவர்களுக்கு இதிலே மோர் கொடும். ஒவ்வொரு தரமும் கல்திண்டில் வையும். பள்ளத்திலே புதுசாய் ஒரு கீறல் விழுந்ததும் உம் ஆசனத்தில் வந்து உட்காரலாம்."

அன்று சாயங்காலமே மந்திரிக்குப் பேரன் பிறந்தான். அவன் வளர்ந்து முதல்முதலாய்ச் சபைக்கு வந்தபோது, அவனுக்கு மோர் நீட்டியதும் ராயர்தான்.