கூழாம்பட்டியார் பாம்பு வாங்கிய விவரம்

அறிவு மழையாகப் பெய்த நாளில் ஊரோடு குடை பிடித்து நின்றவர்கள் கூழாம்பட்டியார். ஒரு துளிகூட மேலே படவில்லை என்பதில் அவர்களுக்கு இன்றும் பெருமை உண்டு.

அவ்வூரின் விதைநெல் முழுவதும் அங்கம்மாள் வீட்டு மண்குதிரில் இருந்தது. அதைக் காப்பது அவள் பொறுப்பு. விதைப்புக்கு ஒரு மாதம் இருக்கையில் குதிருக்குள் எலிகள் புகுந்தன. விதை போனால் ஊருக்கு அவ்வாண்டு சோறில்லை. அங்கம்மாளுக்கு ஊரில் முகமில்லை. ஆகவே எலிகளை ஒழிக்க ஒரு சாரைப்பாம்பை வாங்கி வளர்ப்பதென்று ஊர்த்தலைவர் வெள்ளியங்கிரி முடிவு செய்தார்.

பாம்பு வளர்க்கும் மலையாண்டி இரண்டு கூடைகளைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்றில் இருந்தது, காட்டுப் புற்றில் கிடந்த முட்டையை எடுத்துவந்து அவன் குடிசையில் பொரிக்கவைத்த பாம்பு. மற்றதன் தாயும் தகப்பனுமே அவன் குடிசையில் பிறந்து வளர்ந்தவை. அதுவும் அங்கேயே பிறந்தது.

தலைவருடைய மனைவியின் தம்பி மாசிலாமணி இரண்டு கூடைகளையும் நெடுநேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே குடிசையில முட்டையை உடைச்சதுதானே மச்சான். இதுல என்ன வித்தியாசம்?"

"நீயும் நானும் ஒரே மருத்துவச்சி கையில பிறந்தவங்க மாப்பிள்ளே. அதுக்காக நீ தலைவராயிட முடியுமா?"

முடியாது என்பதை மாசிலாமணி ஒப்புக்கொண்டான். எதுவாக இருந்தாலும் தாய் தகப்பனைப் பார்த்துவிட்டு எடுங்கள், குணம் தெரியும் என்று மலையாண்டி சொல்லிவைத்தான்.

கூழாம்பட்டியில் தாய் தகப்பனைப் பார்ப்பதற்கு ஒரே முறைதான் உண்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம் அடுக்கிய தட்டோடு, நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினார்கள்.

முதலில் மலையாண்டியின் குடிசை. அங்கே தடித்த சாரைகள் இரண்டு சுருண்டு கிடந்தன. தலைவர் நலம் விசாரித்தார். அவை நாக்கை நீட்டின. மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. முதல் சந்திப்பில் வாயைத் திறக்காமல் நாக்கை மட்டும் காட்டுவது அடக்கமான குடும்பத்தின் அடையாளம் என்று தலைவர் அவனைச் சமாதானப்படுத்தினார்.

அடுத்தது காட்டுப் புற்று. தட்டை அதன் வாயருகே வைத்துவிட்டு உச்சிவெயில் வரை உட்கார்ந்திருந்தார்கள். தாய் வரவில்லை. தகப்பன் யாரென்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை. எறும்புகள் மட்டும் வரிசையாக வந்து பழத்தைத் தின்றன.

"ஆள் விட்டுத் தட்டை வாங்கிக்கிட்டாங்க. 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை இல்லை," என்றார் தலைவர். "இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்."

இவ்வாறாக, குடிசையில் பிறந்த பெற்றோரின் பிள்ளை கூழாம்பட்டிக்கு வந்து சேர்ந்தது. அது நல்ல தேர்வு என்றுதான் மலையாண்டியும் சொன்னான். கையில் எடுத்தால் கடிக்காது, மனிதர்களைக் கண்டு மிரளாது. ஆனால் பரம்பரையாகக் கையால் ஊட்டி வளர்ந்தது, வேட்டை தெரியாது. வாரம் ஒரு செத்த எலியை நீங்களே கொடுக்க வேண்டும். போகும்போது திரும்பி, "எலிக்கு மட்டும் குறைவு வராமல் பார்த்துக்கங்க," என்றான்.

அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எலிப்பொறிகளைக் கிணற்றில் போட்டார்கள். ஊரிலிருந்த ஒரே பூனையை மாசிலாமணி பக்கத்து ஊர்ச் சந்தையில் விட்டுவந்தான். எலிகள் ஏறி இறங்கச் சிரமப்படுவதைக் கண்டு குதிருக்கு ஒரு சிறிய ஏணியும் சாத்தினான்.

அங்கம்மாள் தலைவரிடம் ஓடினாள். "எலி விதைநெல்லைத் தின்னுதே தலைவரே," என்றாள்.

"எலி இளைச்சா பாம்பு இளைக்கும். பாம்பு இளைச்சா அப்புறம் எலியை ஒழிக்கிறது யாரு?"

குதிரின் மூடியை அங்கம்மாளே திறந்து வைத்தாள்.

விதைப்பு நாள் வந்தது. பாம்பு அதுவரை நான்கு எலிகளைத் தின்று உறங்கிக்கொண்டிருந்தது. குதிரில் ஒரு நெல்மணி இல்லை. வயிறு பருத்து நகரமாட்டாத எலிகளே இருந்தன. அங்கம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஊர் கூடியது.

"நெல் இப்ப எங்க இருக்கு?" என்று தலைவர் அமைதியாகக் கேட்டார்.

"எலிக்குள்ள," என்றான் மாசிலாமணி.

"அப்ப தொலையலை. எங்க இருக்கோ அங்கேருந்து விதைக்க வேண்டியதுதான்."

உழுத வயலில் நேர்க்கோடு பிடித்து, சாண் இடைவெளி விட்டு, எலிகளை விதைத்தார்கள். பறவைகள் பொறுக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் பிடி மண் தூவினார்கள்.

மூன்றாம் நாள் ஊரே திரண்டு வயலுக்குப் போயிற்று. ஒரு பச்சையும் இல்லை. வயலெங்கும், வரப்பெங்கும் வளைகள் இருந்தன. தலைவர் மண்டியிட்டு ஒரு வளைக்குள் கைவிட்டார். முழங்கை வரை போயிற்று.

"ஆழமா வேர் பிடிச்சிருக்கு," என்று எழுந்தார்.

அங்கம்மாளுக்கு ஒரு மாதத்திற்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருந்தது. "கதிர் முத்துற நேரத்துல எலி வந்துட்டா என்ன செய்யிறது தலைவரே?"

"விதைச்சதே எலிதானேம்மா. வரலைன்னாத்தான் கவலைப்படணும்."

அவள் நிம்மதியாக வீடு திரும்பி, வரப்போகும் விளைச்சல் ஒரு குதிரில் அடங்காதென்று கணித்து, இரண்டாவது குதிருக்கு மண் பிசையத் தொடங்கினாள். மாசிலாமணி அதற்கும் ஓர் ஏணி செய்துகொண்டிருந்தான்.