நண்டு வைத்த இரண்டாம் வாசல்

கொட்டிக்குளத்துக் கரையில் கவையன் என்றொரு நண்டு இருந்தது. அதன் வலக் கொடுக்கு இடக் கொடுக்கைப்போல் இரண்டு மடங்கு பெரியது. கரையைக் காப்பது அதன் வேலை. எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே எலி குடைந்திருக்கிறது என்று காலால் தட்டியே சொல்லிவிடும். "கவையன் கரையில் நடந்தால் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம்" என்று மீன்கள்கூடச் சொல்லும்.

கொட்டிக்குளம் தனிக் குளம் அல்ல. மலையடியிலிருந்து ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து குளங்கள் இருந்தன. ஐந்தும் சேர்ந்து ஓர் ஒன்றியம் வைத்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய ஏரியில் கூழைக்கடாக்கள் கூடிச் சட்டம் போடும். ஒரு குளத்தின் கரை இளகினால், மற்ற நான்கு குளத்து நண்டுகளும் ஆமைகளும் களிமண் சுமந்துகொண்டு வரும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தவளைகள் எப்போது கத்தலாம், நீர்க்கோழிகள் எவ்வளவு உயரத்தில் கூடு கட்டலாம் என்பதற்கும் பெரிய ஏரியில் சட்டம் இருந்தது.

ஒருநாள் ஒரு கூழைக்கடா வந்து இறங்கியது. கிழக்கு மூலைக் கோரையில் செந்நெற்றி என்னும் நீர்க்கோழி அப்போதுதான் கூடு கட்டி முடித்திருந்தது. கூழைக்கடா தன் நீண்ட அலகால் கூட்டை அளந்து பார்த்தது.

"அரை அலகு உயரம் கூடுதல்! பிரித்துவிடு!"

"நாளைக்கு முட்டையிடப் போகிறேன் ஐயா!"

"முட்டைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இது கூட்டுக்கான சட்டம். பிரி!"

செந்நெற்றி கூட்டைப் பிரித்தது. பிரித்த கையோடு கரையில் கிடந்த கருவேல மரத்தூரில் ஏறி நின்றது.

"கோரை நம்முடையது! தண்ணீர் நம்முடையது! கூட்டை அளப்பதற்கு மட்டும் அலகு மேலேயிருந்து வரவேண்டுமா? ஒன்றியத்தை விட்டு வெளியேறுவோம்!"

குளமே திரண்டது. கவையனும் வந்தது.

"செந்நெற்றி அக்கா, உங்கள் கூடு போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் போன ஐப்பசியில் கரை விரிசல் விட்டபோது ஓடி வந்தது யார்? மேல்குளத்து நண்டுகள்!"

"வந்தார்கள். வந்து நம் நத்தையையெல்லாம் தின்றுவிட்டுப் போனார்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். பச்சைத் தவளை ஒன்று முன்னால் குதித்தது.

"எங்கள் கதையையும் கேளுங்கள்! மழைக்கு முன்னால் கத்தக்கூடாதாம். பெய்து முடித்த பிறகு மழையைக் கூப்பிட்டு என்ன செய்வது?"

கவையனுக்குக் கோபம் வந்தது. பெரிய கொடுக்கை உயர்த்தியது.

"வெளியேறினால் முதல் பெருமழைக்கே இந்தக் கரை போகும்! எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!"

"எதில் எழுதுவது அண்ணே, தண்ணீரிலா?" என்றது தவளை.

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு கவையனின் ஓட்டுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது.

வாக்கெடுப்பை ஆமை நடத்தியது. இருப்போம் என்பவர்கள் புங்கங்கொட்டை போடவேண்டும். போவோம் என்பவர்கள் நாவற்கொட்டை போடவேண்டும். யார் எதைப் போட்டார் என்று தெரியாதபடி ஆலமரப் பொந்துக்குள் போடவேண்டும். ஆமை மூன்று முறை எண்ணியது. மூன்று முறையும் நாவற்கொட்டை ஒன்று கூடுதலாக இருந்தது.

"கொட்டிக்குளம் வெளியேறுகிறது!" என்று ஆமை அறிவித்தது.

கவையன் வளைக்குத் திரும்பியது. அதன் மனைவி மண்ணழகி வாசலில் பாசி தின்றுகொண்டிருந்தது.

"நீ எதைப் போட்டாய்?"

"கொட்டையைப் போட்டேன்."

"எந்தக் கொட்டையை?"

"பொந்துக்குத்தான் தெரியும். பொந்தையே போய்க் கேளுங்கள்!"

கவையன் அன்று சாப்பிடவில்லை. "ஒரு கொட்டை! ஒரே ஒரு கொட்டை!" என்று முனகிக்கொண்டே கிடந்தது.

வாக்கெடுப்பு முடிந்தும் பேச்சு முடியவில்லை. வென்றவர்கள் கிழக்குக் கரையில் உட்கார்ந்தார்கள். தோற்றவர்கள் மேற்குக் கரைக்குப் போனார்கள். தவளைகளில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் கத்தின. ஒன்று நிறுத்தினால் மற்றது தொடங்கும். கரையைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

செந்நெற்றியே ஒருநாள் தேடி வந்தது.

"கவையா, பத்து நாளாகக் கரைப்பக்கம் உன்னைக் காணோமே. முன்பாவது வெளியூர் நண்டுகள் வரும். இப்போது நாம்தானே பார்க்கவேண்டும்?"

"ஒரு கொட்டை கூடுதலாக வாங்கினீர்களே, அதைக் கூப்பிடுங்கள். அது வந்து கரை பார்க்கும்!"

செந்நெற்றி திரும்பிக்கொண்டது. தலையை ஆட்டி ஆட்டி நீந்திப் போய்விட்டது. கவையனுக்குத் தான் சொன்னது நல்ல பதில் என்றே பட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. தினமும் இந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

அது வளையின் உள்சுவரைத் தோண்டத் தொடங்கியது. மூன்று நாள் தோண்டியது. நான்காம் நாள் கரையின் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் நெல்வயல். குளத்துப் பக்கம் ஒரு வாசல், வயல் பக்கம் ஒரு வாசல்!

மண்ணழகி பதறிப்போனது.

"என்ன காரியம் செய்தீர்கள்? ஒரு வளைக்கு ஒரு வாசல் என்று ஊர் நண்டுகளையெல்லாம் விரட்டி விரட்டிச் சொன்னது நீங்கள்தானே!"

"அது ஒன்றியத்துச் சட்டம். ஒன்றியம்தான் போய்விட்டதே!"

"ஒன்றியம் போய்விட்டதென்று தண்ணீருக்கு யார் சொன்னார்கள்?"

கவையன் காதில் வாங்கவில்லை. புது வாசலில் உட்கார்ந்து நெற்பயிரைப் பார்த்தது. இங்கே செந்நெற்றி இல்லை, தவளை இல்லை, சிரிப்பு இல்லை.

ஐப்பசி பிறந்தது. மலைமேல் மேகம் கறுத்தது. அதைப் பார்த்ததும் கவையனுக்குள் ஒரு சந்தோஷம் மெல்லத் தலைகாட்டியது. 'வரட்டும். நன்றாக வரட்டும். அப்போது தெரியும்.' அடுத்த கணமே அது திடுக்கிட்டது. 'மழை வருகிறதென்று சந்தோஷப்படுகிறேனா? கரை போகப்போகிறதென்று சந்தோஷப்படுகிறேனா?' இதற்குப் பதில் சொல்ல அதற்குப் பிடிக்கவில்லை. கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. குளம் ஏறியது. மண்ணழகி வயிற்றடியில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு மேட்டுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் நடுப்பகலில் கவையன் வயல் பக்கத்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது, முதுகில் சில்லென்று ஏதோ பட்டது. திரும்பிப் பார்த்தது. வளைக்குள்ளிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கோரைத் தண்டு அளவுதான் இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீர் கலங்கியிருந்தது.

கவையன் அதை உற்றுப் பார்த்தது. கரையில் தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. கலங்கிய நீர் வந்தால் கரை உள்ளேயே கரைகிறது என்று பொருள். இது அதற்குத் தெரிந்ததுபோல் அந்தக் குளத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

வயல் பக்கம் வழி திறந்திருந்தது. இப்படியே இறங்கிப் போனால் பிழைத்துக்கொள்ளலாம். கரை உடைந்துவிட்டால் எந்த வளையால் உடைந்தது என்று யாருக்குத் தெரியும்? "கவையன் அன்றே சொன்னது! நாம்தான் சிரித்தோம்!" என்று எல்லோரும் அழுவார்கள். அந்தக் குரல்கள் இப்போதே அதற்குக் கேட்டன. இனிப்பாகத்தான் இருந்தன.

ஆனால் அந்தக் குரல்களை எங்கிருந்து கேட்பது? உடைந்த குளத்தின் சேற்றிலிருந்தா? செந்நெற்றியின் குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை. மீன் குஞ்சுகள் நகத்தளவுகூட இல்லை. 'நான் சொன்னது சரியாவதற்கு இத்தனை பேர் வீடு போகவேண்டுமா? இது என்ன சரி? குளம் ஒரு தப்புச் செய்தது என்றேன். கரையில் ஓட்டை போட்டது யார்? குளமா, நானா?'

கவையன் கரைமேல் ஏறி ஓடியது. எட்டுக் காலும் சேற்றில் வழுக்கின. கருவேல மரத்தூரில் ஏறி, தொண்டை கிழியக் கத்தியது.

"கரை போகிறது! எல்லோரும் வாருங்கள்! ஓட்டை என்னுடையது!"

கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லத்தான் அதற்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

சொல்லிவிட்டு நிற்கவில்லை. குளத்துப் பக்க வாசலுக்குப் பாய்ந்து வளைக்குள் இறங்கியது. தண்ணீர் அதை உள்ளே தள்ளியது. வளையின் குறுகலான இடத்தில் பெரிய கொடுக்கைக் குறுக்கே ஊன்றி, ஓட்டால் அடைத்துக்கொண்டது. தண்ணீர் சற்று அடங்கியது.

கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் ஓடி வந்தார்கள். செந்நெற்றி வளையை எட்டிப் பார்த்தது.

"இரண்டு வாசல் வைத்தாயா?"

"வைத்தேன் அக்கா."

பச்சைத் தவளை விடுமா? "ஓகோ! கரை போகும் என்று அண்ணன் அடித்துச் சொன்னது இதனால்தானா?"

"வாயை மூடு! பேச்சை நாளைக்கு வைத்துக்கொள்!" என்று செந்நெற்றி அதட்டியது. "கவையா, சீக்கிரம் சொல். என்ன மண் வேண்டும்?"

"வெறும் மண் கரைந்துவிடும். வேரோடு சேர்ந்த களிமண் வேண்டும். அது கிழக்கு மூலையில்தான்..." கவையன் பாதியில் நிறுத்தியது.

கிழக்கு மூலைக் கோரையில்தான் செந்நெற்றியின் கூடு இருந்தது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு அரை அலகு உயரம் கூடுதலாக, அது ஆசைப்பட்டபடியே கட்டிய கூடு.

செந்நெற்றி ஆமையைக் கூப்பிட்டுத் தன் ஐந்து குஞ்சுகளையும் அதன் முதுகில் ஏற்றியது. கூழைக்கடா பிரிக்கச் சொன்னபோது குளத்தையே திரட்டிய பறவை, இப்போது ஒரு வார்த்தை பேசாமல் தன் கூட்டைத் தானே பிரித்தது. கோரையை வேரோடு பிடுங்கியது. தவளைகள் இழுத்தன. நண்டுகள் மண்ணை உருட்டின. யார் புங்கங்கொட்டை, யார் நாவற்கொட்டை என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. வேரும் களியும் ஒட்டிக்கொண்ட கட்டிகளைக் குளத்துப் பக்க வாசலில் திணித்தார்கள். திணித்து மிதித்தார்கள். மிதித்து மறுபடியும் திணித்தார்கள்.

உள்ளே கவையனின் கொடுக்கு படீரென்று ஒடிந்தது. அது கத்தவில்லை. ஒடிந்த கொடுக்கை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டால் இன்னும் இறுக அடைத்தது. வயல் பக்கத்து வாசலில் தண்ணீர் தெளிந்து, பிறகு சொட்டு சொட்டாகி, நின்றுபோனது. அதன் பிறகுதான் மண்ணழகி வந்து கவையனை அந்த வழியாக வெளியே இழுத்தது. அந்த வாசலையும் வேர் மண்ணால் அடைத்தார்கள்.

பொழுது சாயுமுன் மழை விட்டது. கொட்டிக்குளம் விளிம்புவரை நிறைந்து நின்றது. கரையும் நின்றது! யாரோ ஒரு தவளை கத்தத் தொடங்கியது. இரண்டு கரையிலிருந்தும் ஒரே குரலாகக் கத்தினார்கள். கவையனுக்கு ஓடெல்லாம் வலித்தது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

மறுநாள் காலையில் பெரிய ஏரியிலிருந்து மூன்று கூழைக்கடாக்கள் வந்து இறங்கின.

"கரை உடைந்திருக்கும் என்று நினைத்தோம்" என்றது மூத்த கூழைக்கடா. "பரவாயில்லை. தவறு செய்துவிட்டோம் என்று எல்லோரும் தலைகுனிந்து கேட்டால், திரும்பச் சேர்ப்பதா என்று யோசிப்போம்." பிறகு கவையன் பக்கம் திரும்பியது. "நீதானே எங்கள் பக்கம்! நீ சொல்லு. நீ சொன்னது பலித்ததா இல்லையா?"

குளம் முழுவதும் கவையனைப் பார்த்தது. ஒற்றைக் கொடுக்கோடு அது முன்னால் வந்தது.

"பலிக்கவில்லை ஐயா. பலிக்க இருந்தது. இவர்கள் பலிக்க விடவில்லை!"

கூழைக்கடா கண்ணைச் சிமிட்டியது.

"நான் புங்கங்கொட்டை போட்டவன்" என்றது கவையன். "இன்று கேட்டாலும் அதைத்தான் போடுவேன். திரும்பச் சேரலாமா என்று நாங்கள் பேசுவோம். சண்டையும் போடுவோம். அது எங்கள் குளத்துச் சண்டை. ஆனால் தலைகுனிந்து கேட்க இது கரை உடைந்த குளம் அல்ல. அதோ பாருங்கள், நிற்கிறது! வந்தது வந்தீர்கள், விருந்தாளியாக உட்காருங்கள். நாங்களும் உங்கள் கரைக்கு ஆபத்து வந்தால் மண்ணோடு வருவோம்."

"மீன் மட்டும் கேட்காதீர்கள்!" என்று தவளை பின்னாலிருந்து குரல் கொடுத்தது.

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை கவையனும் சிரித்தது.

கூழைக்கடாக்கள் போன பிறகு, கொட்டிக்குளம் தனக்கென்று முதல் சட்டம் போடக் கூடியது. கவையன் எழுந்து முன்மொழிந்தது: "ஒரு வளைக்கு ஒரு வாசல்." அதே பழைய சட்டம்தான். பொந்தில் விழுந்ததெல்லாம் ஒரே வகைக் கொட்டை. ஆமை எண்ணி முடிப்பதற்குள்ளேயே செந்நெற்றி புதுக் கூட்டுக்குக் கோரை பொறுக்கிக்கொண்டிருந்தது. "எவ்வளவு உயரம் அக்கா?" என்று கவையன் கேட்டது. "அரை அலகு கூடுதல்!" என்றது செந்நெற்றி.

அடுத்த முறை ஓடு கழற்றியபோது, கவையனுக்குக் கொடுக்கு இருந்த இடத்தில் மொட்டுப்போல ஒரு சின்னக் கொடுக்கு முளைத்திருந்தது. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கரையைத் தட்டித் தட்டி நடந்தது.

தான் சொன்னது பலிக்கட்டும் என்று காத்திருப்பதில் இல்லை பெருமை. வென்றாலும் தோற்றாலும் தன் குளத்தின் கரையைக் காக்க இறங்குவதில்தான் இருக்கிறது.