மங்கிப்போன குரோம் பட்டை

மில் முதலாளி ரங்கப்பாவின் பழைய ஆஸ்டின் காருக்கு ஒரிஜினலைப் போலவே புது குரோம் பட்டை செய்து அனுப்பியவள், கோயம்புத்தூரில் முலாம் பட்டறை நடத்தும் சுப்பாத்தாள். கார் கண்காட்சியில் கூட்டமே பார்க்க, ஒரு கையில் டீயோடு நின்ற ரங்கப்பா, அங்கே வந்திருந்த அவளிடம் அந்தப் பட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“என்னம்மா பினிஷிங் இது? அந்தப் பக்கம் இருக்கற, சீமையில செஞ்ச பழசுல இன்னும் முகம் பாக்கலாம். உன் புதுசு புகை படிஞ்சு கிடக்குது. நான் இந்த டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள மின்னணும். இல்லீன்னா எடுத்துட்டுப் போயிரு.”

சுப்பாத்தாள் பட்டையை வாங்கி, கூட்டத்துக்குத் தெரியாதபடி முந்தானையால் மூடி அவர் பக்கம் நீட்டினாள். “ஏனுங்க, இந்த மூலைல நகத்தால லேசாச் சுரண்டுங்க,” என்றாள் தணிந்த குரலில்.

சுரண்டினார். கீறல் விழாமலிருக்க அவள் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் உரிந்து கையோடு வந்தது. ரங்கப்பா ஓரக்கண்ணால் கூட்டத்தைப் பார்த்தார்.

அவள் தாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு முந்தானையை விலக்கினாள். “முதலாளி கை பட்டதும் எப்படி மின்னுது பாருங்க,” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. கூட்டம் கை தட்டியது.

ரங்கப்பா குடிக்காத டீயை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

“மத்த காருகளுக்கும் நீயே செஞ்சு குடு ஆத்தா,” என்றார் மெதுவாக. “தாளை மட்டும் உரிச்சுட்டு அனுப்பு.”