உயிர்ப்பித்தல் என்றொரு சொல்

முன்னொரு காலத்தில் குன்றக்காட்டு நாட்டை வச்சிரபாகு என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் சொல்லாராய்ச்சி என்றால் பைத்தியம். சபையில் ஒரு சொல்லைப் பற்றி வாதம் தொடங்கிவிட்டால், முடியும்வரை கதவு திறக்காது. தலைபோகிற காரியமானாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அது அவர் போட்ட சட்டம். மந்திரி தாண்டவனார் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னார். ராஜா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த ஊரில் உலகம்மை என்று ஒரு மருத்துவச்சி. தண்ணீரில் முழுகி மூச்சு நின்றவர்களின் வாயில் வாய் வைத்து ஊதி எழுப்பிவிடுவாள். ஜனங்கள் அவளை ‘உயிர்ப்பிக்கிறவள்’ என்றார்கள். அரண்மனைப் பண்டிதர் கனகசபைக்கு இதில் ஒரே வயிற்றெரிச்சல்.

“மகாராஜா, உயிர்ப்பித்தல் என்றால் போன உயிரை மீட்பது. இந்தப் பெயர் இவளுக்குத் தகுமா?” என்று ஒருநாள் கொளுத்திப் போட்டார்.

ராஜாவுக்குக் கேட்கவா வேண்டும்! உலகம்மையை வரவழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“உயிர்த்தல்னா மூச்சு விடுறது, சாமி. நின்ன மூச்சை விட வைக்கிறேன், அவ்வளவுதான். நாடி அடங்கிட்டா என்னால ஆகாது” என்றாள் அவள்.

பண்டிதர் விடுவாரா? இலக்கணத்தை இழுத்தார், நிகண்டை இழுத்தார். ராஜா தொடையைத் தட்டி ரசித்தார். கடைசியில் பண்டிதர் சொன்ன அர்த்தமே சரி என்று தீர்ப்பாயிற்று. கதவு திறந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது.

வாசலில் ஈரப் புடவையோடு ஒரு தாதி அழுதுகொண்டிருந்தாள். வாதம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஓடிவந்தவள். காவலர்கள் விடவில்லை. குட்டி இளவரசி மதிவதனி அல்லிக்குளத்தில் முழுகிவிட்டாள்; தாதி கரையேற்றியும் மூச்சு வரவில்லை. எல்லோரும் குளக்கரைக்கு ஓடினார்கள். உலகம்மை குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

ராஜா அழவில்லை. மகளைத் தூக்கிவந்து சபையில் கிடத்தி, “உயிர்ப்பி. இல்லாவிட்டால் உன் தலை இருக்காது” என்றார்.

“பெயர் வாங்கினவள் செய்து காட்டட்டுமே!” என்று பண்டிதர் ஒத்து ஊதினார்.

தாண்டவனார் மதிவதனியைப் பார்த்தார். நேற்றுவரை அவர் முதுகில் ஏறி யானை விளையாடிய குழந்தை. அது போனது போதாதென்று இந்தப் பெண்ணுமா? துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“மகாராஜா, பண்டிதர் அர்த்தப்படி போன உயிரும் மீளும். இவள் செய்வதோ வாயில் மூச்சு ஊதுவதுதான். ஏடுகளைக் கரைத்துக் குடித்த பண்டிதரின் மூச்சு இவள் மூச்சைவிட மட்டமா? முதலில் அவர் ஊதட்டும்.”

ராஜா பண்டிதரைப் பார்த்தார். “ஊதும்.”

பண்டிதர் பதறிப் பின்னால் நகர்ந்தார். “ஐயையோ! பிணத்தின் வாயிலா?”



“அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை, மகாராஜா. உலகம்மையும் சொல்லவில்லை” என்றார் தாண்டவனார். வாதத்தில் ஜெயித்துவிட்டார். ஆனால் அவர் கண் குழந்தை மேலேயே இருந்தது.

ராஜா குனிந்தார். மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கி, தானே வாய் வைத்து ஊதினார். மறுபடியும் ஊதினார். போன காற்று அப்படியே திரும்பி அவர் கன்னத்தில் பட்டது. அப்போதுதான் உடைந்துபோய், “என் கண்ணே!” என்று கதறினார்.

கனகசபையின் பண்டிதப் பட்டம் அன்றே பறிபோயிற்று. உயிர்ப்பிக்கிறவள் என்ற பெயரை ராஜாவே உலகம்மைக்குப் பட்டமாகக் கொடுத்தார். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார், அவர் வாங்கவில்லை. சபைக் கதவுகளைப் பெயர்த்தெடுக்க உத்தரவாயிற்று.

பிறகு ராஜா மெதுவாகக் கேட்டார். “அந்தத் தாதி வந்தவுடனே உன்னை அனுப்பியிருந்தால், அம்மா?”

உலகம்மை மந்திரியைப் பார்த்தாள். உள்ளதைச் சொல் என்பதுபோல் தாண்டவனார் தலையசைத்தார்.

“நாடி இருந்திருக்கும், சாமி” என்றாள் அவள்.

கதவில்லாத அந்தச் சபையில் அதற்குப் பிறகு எந்தச் சொல்லுக்கும் யாரும் அர்த்தம் கேட்கவில்லை.