மூன்றாவது சங்கு

"மொட்டைக் கடுதாசி போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லிருங்கம்மா," என்றார் குற்றாலிங்கம்.

சுனையம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

காட்டை ஒட்டிய மலையடியில் பாறையை வெடிவைத்து உடைத்து ஜல்லி விற்கிறவர் குற்றாலிங்கம். ஊரில் ஒருத்தருக்கும் அடங்காத மனுஷர். பத்து வருஷமாக இவள் ஒருத்தியிடம் மட்டும் கைகட்டி நிற்பார். இத்தனைக்கும் அவரைவிட இருபது வயது இளையவள். குவாரிக்கு மேலே, துருத்தி நிற்கிற பெரும் பாறைக்கு அடியில் ஒரு குகை. குகைக்குள் ஒரு சுனை. அதுதான் இந்தச் சாமியாரம்மாவின் இருப்பிடம்.

கடுதாசியிலும் அந்தக் குகையைப் பற்றித்தான் எழுதியிருந்தது. வெடி வைக்கிறபோதெல்லாம் பாறை ஆடுகிறதாம். சுனை கலங்குகிறதாம். ஒருநாள் மொத்தமும் சரிந்து விழுமாம். திங்கட்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். உண்மை என்று பட்டால் குவாரிக்குப் பூட்டு. இருபது வருஷ உழைப்பு அதோடு போச்சு.

மனுஷருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. மச்சினன் மேல் சந்தேகம், இப்போதெல்லாம் ரொம்பச் சிரிக்கிறான். வேலையை விட்டு நிறுத்திய டிரைவர் மேல் சந்தேகம். சுனையம்மா சௌக்கியமா என்று இரண்டு தடவை விசாரித்த பெண்டாட்டி மேலும் சந்தேகம். கொடுமையைப் பாருங்கள், இன்று படியேறி வந்ததும் அவர் கண் முதலில் போனது விளக்கு மாடத்தில் கிடந்த பேனாவுக்கு.

அதை அவளும் கவனித்துவிட்டாள்.

"நான்னு நினைக்கீகளா?"

"சேச்சே," என்றார். குரலில் சுரத்தே இல்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வெடியால் இந்தக் குகைக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று டைப் அடித்திருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் கடுதாசியை யாரும் சீந்தமாட்டார்கள்.

"போடுதேன். பேரும் சொல்லுதேன். பன்னெண்டு மணி வெடி முடியட்டும். அதுவரைக்கும் என்கூட இங்கனயே உக்காருங்க."

இவ்வளவுதானா என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பத்து வருஷத்தில் எத்தனையோ தடவை இங்கே வந்திருக்கிறார். வெடி நேரத்தில் மட்டும் வந்ததில்லை. அது ஏன் என்று அவரும் யோசித்ததில்லை.

கீழே முதல் சங்கு ஊதியது. குவாரியில் மூன்று சங்கு ஊதுவார்கள். முதல் சங்குக்கு ஆட்கள் விலக வேண்டும். மூன்றாவதுக்கு வெடி.

குற்றாலிங்கம் தலைக்கு மேலிருந்த பாறையை அண்ணாந்து பார்த்தார். அதில் ஒரு கோடு ஓடியது. விரிசலா, தண்ணீர் வழிந்த தடமா, தெரியவில்லை. கால் மரத்துப்போச்சு என்று சம்மணத்தைப் பிரித்தார்.

இரண்டாவது சங்கு ஊதியபோது அவர் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார், செருப்புகூட இல்லாமல். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

உள்ளே அவள் தாளை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

"எங்க போடணும் அண்ணாச்சி?"

"அம்மா, முதல்ல வெளியே வாங்க."

"எதுக்கு?"

அவர் போனை எடுத்து, மூன்றாவது சங்கு ஊத வேண்டாம், வெடியை நிறுத்து என்று போர்மேனிடம் சொன்னார்.

"என்ன மொதலாளி, யாரும் புகார் பண்ணிட்டாங்களா?"

"ஆமா."

"யாரு?"

குற்றாலிங்கம் குனிந்து, செருப்பில்லாமல் வெளியே ஓடிவந்திருந்த தன் கால்களைப் பார்த்தார்.