கொசுறுக் குஞ்சு

தெரிஞ்சேதானே குடுத்த? சொல்லு, தெரிஞ்சேதானே குடுத்த? கூண்டுக்கு அடியில தனியா ஒரு அட்டைப்பெட்டி வச்சிருந்தியே, அது எதுக்கு? நல்ல குஞ்சு மேல, நாசமாப் போற குஞ்சு கீழ. கேக்குறவ இளிச்சவாய்னு நெனச்சுத்தானே கீழ கைய விட்ட?

உன்னையச் சொல்லலடி கண்ணு, நீ படு. காலை உள்ள இழுத்துக்கோ. நான் சொல்றது வேற ஒருத்தனை. அவன் எந்த ஊர்ல இருந்தாலும் காதுல விழணும்னுதான் கத்துறேன். கதையா? இதுதான் கதை. கொல்லையில தனியாக் கெடக்குற கோழிகிட்ட ஏன் போகக்கூடாதுன்னு காலையில நச்சரிச்சல்ல, அதுக்கும் இதுலயே பதில் இருக்கு. ம் கொட்டிக்கிட்டே கேளு. ம் நின்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பேரக்காரி இருந்தா. பேரு ஒச்சம்மா. பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்ல, ஆனா சந்தையில அவளை ஏமாத்த ஒருத்தன் பொறக்கல. கத்திரிக்கா வாங்கினா பச்ச மொளகா கொசுறு. கீரை வாங்கினா கருவேப்பிலை கொசுறு. உப்பு வாங்கினாக்கூட மேல ஒரு பிடி விழாம அந்த எடத்தை விட்டு நகர மாட்டா. கொசுறு இல்லாமத் திரும்புன அன்னிக்கு அவளுக்குச் சோறு எறங்காது.

அப்பேர்ப்பட்டவகிட்ட இருந்தது ஒரே ஒரு கோழி. செவளைக் கோழி. முந்தின வருசம் ஊருக்குள்ள ஒரு சீக்கு வந்து, கொல்லை நெறைய மேஞ்சதெல்லாம் நாலே நாள்ல சுருண்டுருச்சு. செவளை மட்டும் எப்படியோ தப்பிச்சிருச்சு. அதை அடை வச்சா. பன்னெண்டு முட்டை. இந்த அடை தேறினாத்தான் மறுபடியும் கொல்லையில கோழிச் சத்தம் கேக்கும். இல்லேன்னா அவ்வளவுதான், கூடையைக் கவுத்து வச்சிர வேண்டியதுதான். ம்?

"ம்."

இருபத்தோராம் நாள் டொக்கு டொக்குன்னு ஓடு ஒடைச்சுக்கிட்டு வந்தது ஏழு. மிச்சம் அஞ்சும் கூமுட்டை. ஒச்சம்மாவுக்கு மனசு ஆறல. மறுநா சந்தை. அங்க ஒருத்தன், மொபெட்டுக்குப் பின்னால கூண்டு கட்டி, குஞ்சு வித்துக்கிட்டு நிக்கிறான். கூண்டு பூரா கிய்யா கிய்யா கிய்யான்னு ஒரே சத்தம். அஞ்சு குஞ்சு எடுத்தா. அப்புறம் கையை நீட்டுனா.

"என்னக்கா?"

"கொசுறு."

"குஞ்சுக்கு எவக்கா கொசுறு கேப்பா?"

"நான் கேப்பேன்."

"கட்டாதுக்கா."

"அப்ப உன் குஞ்சும் வேணாம், உன் மூஞ்சியும் வேணாம்."

விசுக்குன்னு திரும்பி நடந்தா. ஒரு எட்டு. ரெண்டு எட்டு. மூணாவது எட்டுல, "யக்கா, யக்கா, வாக்கா இங்க!"ன்னு கூப்பிட்டான். குனிஞ்சான். கூண்டுக்கு அடியில இருந்த அட்டைப்பெட்டிக்குள்ள கைய விட்டு ஒரு குஞ்சை எடுத்து அவ பையில போட்டான். போட்டுட்டுச் சிரிச்சான். தோத்துப்போனவன் சிரிப்புன்னு அவ நெனச்சா. ஐயோ, எத்தனை பேரத்தைப் பாத்தவ, அந்தச் சிரிப்பைப் படிக்கத் தெரியாமப் போச்சே!

வெளியில இருந்து வர்ற குஞ்சைப் பத்துப் பதினஞ்சு நாள் தனியாப் போட்டுப் பாத்துட்டுத்தான் மத்ததோட சேக்கணும். ஒச்சம்மாவுக்கு அது தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா அத்தனை நாள் கழிச்சு விட்டா தாய்க்கோழி சேத்துக்காது, கொத்தித் தொரத்திரும். பொழுது மசங்குற நேரம் பாத்து, அன்னிக்கே, ஒண்ணொண்ணா றெக்கைக்கு அடியில நுழைச்சு விட்டாத்தான் விடியிறப்ப எல்லாம் தன் பிள்ளைன்னு நெனச்சுக்கும். அதனால நுழைச்சா. ஏழும் அஞ்சும், அதோட கொசுறும். செவளை கொக் கொக்னு மூணு தடவை முனகிட்டு, றெக்கையை விரிச்சு எல்லாத்தையும் மூடிக்கிச்சு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்... அப்புறம்?"

அப்புறம் மொத நாள். எல்லாக் குஞ்சும் தாய் பின்னாடி குடுகுடுன்னு ஓடுது. கொசுறு மட்டும் ஒதுங்கி நிக்கிது. குருணையைப் போட்டா எட்டிக்கூடப் பாக்கல. பக்கத்து வீட்டுப் பேச்சி, ஒச்சம்மாவுக்கு நாத்தனார் மொறை, சுவத்து மேல எக்கிப் பாத்தா.

"என்ன மதினி, உங்க கொசுறு நின்னுக்கிட்டே சாமி கும்புடுது?"

"சந்தை அலைச்சல்டி. ஒன் வேலையப் பாரு."

ரெண்டாம் நாள். கொசுறுக்கு றெக்கை ரெண்டும் நனைஞ்ச துணி மாதிரி தொங்குது. கண்ணு சொக்குது. கீய்ங்... கீய்ங்னு மெலிசா ஒரு சத்தம். பசிக்குக் கத்துற குஞ்சு அப்படிக் கத்தாது கண்ணு, குளுருக்கும் வலிக்கும்தான் கத்தும். எடுத்துக் கவுத்துப் பாத்தா, பின்பக்கம் சுண்ணாம்பை அப்புன மாதிரி வெள்ளையா எச்சம் காஞ்சு வழியை அடைச்சிருக்கு. பேச்சி சொன்னா, "பிச்சு எறி மதினி." பிச்சா தோலு வந்துரும்டி கூறுகெட்டவளே! வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு, ஊற வச்சு ஊற வச்சு எடுத்தா. தொடைச்சுக் காய வச்சு, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெ தடவுனா. தனிக்கூடையில போட்டா. ஆனா அது ரெண்டு நாளாக் கழிஞ்சு வச்ச உமியிலதானே மத்த பன்னெண்டும் படுத்துக் கெடக்கு? அதை மாத்தணும்னு தோணல அவளுக்கு.

மூணாம் நாள். செவளை பெத்தது ரெண்டும் வாங்குனதுல ஒண்ணும் அதே மாதிரி றெக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிது. மத்தியானத்துக்குள்ள ஒண்ணு தொப்புன்னு சாஞ்சிருச்சு. செவளை அதைச் சுத்திச் சுத்தி வந்து மூக்கால தள்ளித் தள்ளிப் பாக்குது. எந்திரி, எந்திரிங்குது. அது எங்க எந்திரிக்கும்?

பேச்சி சுவத்து மேலயே நிக்கிறா.

அப்பத்தான் ஒச்சம்மாவுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. அட்டைப்பெட்டி ஞாபகம் வந்துச்சு. வந்துச்சே ஒரு கோவம்! சேலையை ஏத்திச் சொருகுனா. பழைய உமியைச் சரசரன்னு வாரிக் கொளுத்துனா. தரையில சுண்ணாம்பைத் தூவி, காய விட்டு, புது உமி பரப்புனா. தண்ணிச் சட்டியைக் கொதிக்கிற தண்ணியில கழுவி, குஞ்சு ஏறி மிதிக்காதபடி செங்கல் மேல வச்சா. தொங்கிப் போன குஞ்சை எல்லாம் தனிக்கூடைக்கு மாத்துனா. கூடைக்கு மேல ஒரு குண்டு பல்பைக் கட்டுனா. சூடு சரியான்னு குஞ்சே சொல்லும் கண்ணு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குமிஞ்சா குளுருது. வாயைப் பொளந்துக்கிட்டு ஓரத்துக்கு ஓடினா சுடுது. பரவலாப் படுத்துத் தூங்குச்சுன்னா சரியா இருக்கு. நீ இப்ப கெடக்குற மாதிரி.

கருப்பட்டித் தண்ணியை விரல் நுனியில தொட்டு அலகு ஓரத்துல வச்சா. மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைச்சுக் குருணையில பெசஞ்சா. நல்ல குஞ்சைப் பாத்து முடிச்சுட்டு அப்புறம்தான் சீக்குக் குஞ்சைத் தொட்டா. தொட்ட கையை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவுனா. அப்புறம் செத்த குஞ்சைத் தாள்ல சுத்தி எடுத்துக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தா.

டாக்டரம்மா கீறிப் பாத்துட்டு நிமிந்தாங்க. "எங்க வாங்குனீங்க?"

"வாங்கல. கொசுறு."

"இது முட்டையிலயே ஒட்டிக்கிட்டு வர்ற சீக்கும்மா. தாய்க்கு இருந்தா குஞ்சுக்கும் வரும். குஞ்சுல இருந்து பக்கத்துக் குஞ்சுக்கு எச்சத்துல தாவும். நீங்க பண்ணுன சூடும் சுத்தமும் ரொம்பச் சரி. மஞ்சள், வெங்காயம் குடுங்க, கெடுதல் இல்ல. ஆனா அது மட்டும் பத்தாது, இந்த மருந்தையும் தண்ணியில கலந்து வைங்க."

"வித்தவனுக்குத் தெரிஞ்சிருக்குமா தாயி?"

"தனிப் பெட்டியில வச்சிருந்தாரா? அப்ப தெரியாம இருக்காது."

மொத்தம் மூணு குஞ்சு போச்சு. மூணையும் ஆழமாக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சா. ஒம்பது தேறிருச்சு. அந்தக் கொசுறு இருக்கே, மொதல்ல படுத்ததே அதுதான், அதுவும் பத்தாம் நாள் கழுத்தை நிமித்திக்கிட்டு கிய்யான்னுச்சு. பேச்சிகூடச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கைதட்டுனா. கேக்குறியா?

"...ம்."

அதுக்கு அடுத்த சந்தைக்கு ஒச்சம்மா பையில்லாமப் போனா. அதே கூண்டு, அதே அட்டைப்பெட்டி. ஒரு கைப்பிள்ளைக்காரி கொசுறு கேட்டுக்கிட்டு நிக்கிறா. இவன் குனியிறான்.

"நிறுத்துடா கையை!"

சந்தையே திரும்பிச்சு. அவன் கையில இருந்த குஞ்சைப் பிடுங்கி, கவுத்து, ரோமத்தை உஃப்னு ஊதிக் காட்டுனா. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கைப்பிள்ளைக்காரி ரெண்டு எட்டுப் பின்னால போனா.

அவன் சொன்னான், "சும்மா குடுத்ததுக்கு என்னக்கா கேள்வி? கொசுறு கேட்டது நீயா, நானா?"

சுருக்குன்னு குத்திச்சு அவளுக்கு. ஏன்னா கேட்டது அவதான். ஆனா விட்டுருவாளா?

"கேட்டது நாந்தான். நான் கேட்டது கொசுறு, நீ குடுத்தது சீக்கு. வேணாம்னு நீ ஒதுக்கி வச்சதை எதுக்குடா என் றெக்கைக்கு அடியில நுழைச்ச?"

வண்டியை ஒதைச்சான். டுர்ர்ர்... போயே போயிட்டான். அன்னையில இருந்து அந்தச் சந்தைக்கு அவன் வரல. வேற சந்தையில நிக்கிறானாம். அதே பெட்டியோட.

அப்புறம் குஞ்செல்லாம் வளந்துச்சு. டாக்டரம்மா வந்து ஊசியில ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. ஒம்பதும் சுத்தம். கொசுறு உடம்புல மட்டும் சீக்கு தங்கிப்போச்சு. அதோட முட்டையை அடை வைக்கக் கூடாது, மத்த கோழியோட விடக் கூடாது, கொன்னு கழிச்சிர்றதுதான் நல்லதுன்னாங்க. ஒச்சம்மா மாட்டேன்னுட்டா. அது என்ன தப்புப் பண்ணுச்சு? தனிக்கூடை போட்டு, தனிச் சட்டி வச்சு, கொல்லை ஓரத்துல தனியா வளத்தா.

"பெரியம்மா... அது நம்ம கோழியா?"

ம். இப்ப நான் ம் கொட்ட வேண்டியதாப் போச்சு பாரு.

அது நாலு நாளா அடைக்கு உக்காந்திருக்கு கண்ணு. கிட்டப் போனா கொர்ர்ர்னு றெக்கையைச் சிலுத்துக்குது. அதுக்கு அடியில ஒரு முட்டை கெடையாது. வெறும் உமியை அணைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. செவளையும் அதோட மக்களும் வேலிக்கு அந்தப் பக்கம் குஞ்சைக் கூட்டிக்கிட்டு கொக் கொக்னு மேயுது. இது பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

சரி, கதை கூடைக்குள்ள போயிருச்சு. நீ போர்வைக்குள்ள போ. தூங்கு.

நீ தூங்காத, பெட்டிக்காரா. உனக்குத்தான் சொல்றேன். அந்தப் பெட்டியைக் கொளுத்து. அந்தச் சீக்கு முட்டை எந்தக் கோழிகிட்ட இருந்து வருதுன்னு பாத்து அதை நிறுத்து. கொசுறுன்னு எந்தெந்த வீட்டுக்குக் குடுத்தியோ, அந்தந்த வீட்டு வாசல்ல போய் நின்னு உன் வாயால சொல்லு. எல்லாம் முடிச்சுட்டு, கடைசியா என் கொல்லைக்கு வா. வந்து, வெறும் உமியில உக்காந்திருக்காளே, அவ முன்னால நின்னு பதில் சொல்லிட்டுப் போ!